க்ரூஸுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போறீங்களா? ஏஜென்ட் வாயால சொன்னத நம்பி பணம் கட்டாதீங்க

அப்பா அம்மாவ கூட்டிட்டு கப்பல் டூர் போகணும்னு பிளான் பண்றவங்க, இல்ல ஏற்கனவே டிக்கெட் போட்டுட்டு இன்சூரன்ஸ் மட்டும் பாக்கி வச்சிருக்கவங்க, தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன். கோவம் இன்னும் அடங்கல, அதனால அங்கங்க நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

டிக்கெட் போட்டுக் கொடுத்த அதே டிராவல் ஏஜென்ட்தான் இன்சூரன்ஸும் போட்டுக் கொடுத்தார். நான் அவர்கிட்ட ரெண்டு விஷயம்தான் கேட்டேன். கப்பல்ல வச்சு உடம்புக்கு ஏதாவது ஆனா கவர் ஆகுமா, அப்பாவுக்கு பிரஷர் இருக்கே அது பிரச்சனை ஆகுமா. "எல்லாமே கவர் ஆகும் சார், க்ரூஸ் ஆட்-ஆன் சேத்துதான் போடுறேன், பிரஷர் எல்லாம் இப்ப யாருக்கு சார் இல்ல, அத பத்தி கவலையே படாதீங்க"ன்னார். ஆட்-ஆனுக்குன்னு, அதாவது அடிப்படை பாலிசிக்கு மேல சேத்துக்குற கூடுதல் கவருக்குன்னு, தனியா பணமும் வாங்கினார். பாலிசி வேர்டிங், அதாவது எல்லா ஷரத்தும் எழுதியிருக்கிற ஆவணத்த முழுசா அனுப்புங்கன்னு கேட்டேன், வந்தது சிரிச்ச முகத்தோட ஒரு குடும்பம் டெக்ல நிக்கிற படம் போட்ட பிரவுச்சர். திரும்பவும் கேட்டேன், "சர்டிபிகேட் வரும் சார், அதுலயே எல்லாம் இருக்கும்"னார். அந்த சர்டிபிகேட் வந்தது நாங்க கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி.

நடுக்கடல்ல போயிட்டு இருக்கும்போது அப்பாவுக்கு காய்ச்சல் ஆரம்பிச்சுது. மறுநாள் மூச்சு வாங்குது, படுத்தா இருமல் நிக்கல. கீழ் டெக்ல இருக்கிற மெடிக்கல் சென்டருக்கு வீல்சேர்ல கூட்டிட்டு போனோம். டாக்டரும் நர்ஸும் ரொம்ப நல்லா பாத்தாங்க, அவங்க மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அங்க உள்ள போனதும் முதல்ல நீட்டுனது ஒரு ஃபார்ம், ஆகுற செலவெல்லாம் உங்க கேபின் கணக்குல ஏறும்னு கையெழுத்து. கப்பல்ல உங்க இன்சூரன்ஸ் கார்ட அனேகமா யாரும் வாங்க மாட்டாங்க, பணத்த நீங்க கட்டிட்டு ஊருக்கு வந்து கிளெய்ம் பண்ணிக்கணும், இதுதான் பொதுவா வழக்கம். கன்சல்டேஷன் தனி, எக்ஸ்ரே தனி, ரத்த டெஸ்ட் தனி, ட்ரிப்ஸ் தனி, ஆக்ஸிஜன் தனி, ராத்திரி நேரம்னா அதுக்கு மேல தனின்னு பில்லு வரி வரியா நீண்டுட்டே போச்சு. நிமோனியான்னாங்க. இங்க வச்சு பாக்குற அளவுக்கு வசதி இல்ல, அடுத்த துறைமுகத்துல இறக்கி ஆஸ்பத்திரில சேத்தாகணும்னு டாக்டர் முடிவா சொல்லிட்டார்.

இறக்குறதுன்னா எப்படி இருக்கும்னு நமக்கு தெரியாது இல்லையா, சொல்றேன். கப்பல் உங்களுக்காக காத்திருக்காது. அம்மா அழுதுட்டே பெட்டி கட்டுறாங்க, நான் ரிசப்ஷன்ல நின்னு கணக்க முடிக்கிறேன், மெடிக்கல் பில்ல முழுசா கட்டிட்டுதான் இறங்குனோம். பாஸ்போர்ட்ட கையில குடுத்து, ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டாங்க, சாயங்காலம் கப்பல் கிளம்பிடுச்சு. தெரியாத ஊரு, தெரியாத பாஷை, ஆஸ்பத்திரில அட்வான்ஸ் கேக்குறாங்க. இன்சூரன்ஸ் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டா அவங்க கேட்ட முதல் கேள்வி, சேர்க்குறதுக்கு முன்னாடி எங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா. ஆக்ஸிஜன் மாஸ்க்கோட ஸ்ட்ரெச்சர்ல இருக்கிற மனுஷனுக்கு அனுமதி!

அப்பா பிழைச்சு நல்லபடியா வந்துட்டார், அது போதும். ஆனா கிளெய்ம் போட்டப்புறம் வந்த லெட்டர்ல மூணு காரணம் சொல்லி மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.

முதல் காரணம், கப்பல்ல இருக்கிற மெடிக்கல் சென்டர் 'ஆஸ்பத்திரி' கிடையாதாம். அவங்க வேர்டிங்ல டெஃபனிஷன்னு ஒரு பகுதி இருக்கு, அதுல ஆஸ்பத்திரின்னா அரசு பதிவு இருக்கணும், உள்நோயாளியா 24 மணி நேரம் சேர்ந்திருக்கணும்னு போட்டிருக்கு, அதனால கப்பல் பில்லு ஒரு பைசா தேறல. ரெண்டாவது, கிளம்புறதுக்கு கொஞ்சம் முன்னாடி அப்பாவோட பிரஷர் மாத்திரைய டாக்டர் டோஸ் மாத்தியிருந்தார், அதனால அவர் 'நிலையா இல்லாத நோய்' உள்ளவராம், அதுக்காக நிமோனியா செலவும் கிடையாதாம். பிரஷருக்கும் நிமோனியாவுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னும் புரியல. மூணாவதுதான் என்ன கொதிக்க வச்சது. பாதில இறங்குனதால வீணான கப்பல் நாட்களுக்கும், ஊர் திரும்ப புதுசா போட்ட டிக்கெட்டுக்கும் கேட்டிருந்தோம், அதுக்கு க்ரூஸ் ஆட்-ஆன் எடுத்திருக்கணும், உங்க பாலிசில அது இல்லன்னு எழுதியிருந்தாங்க. சர்டிபிகேட்ட வரிக்கு வரி பாத்தோம், ஆட்-ஆன்னு ஒரு வார்த்தை கிடையாது, பிரீமியம்னு போட்ட தொகையும் அடிப்படை பிளானுக்கு மட்டும்தான். அப்போ நான் தனியா கட்டுன பணம் எங்க போச்சு?

ஏஜென்ட்ட கேட்டேன். முதல்ல கம்பெனி தப்புன்னார். அப்புறம் "அது சர்வீஸ் சார்ஜ் சார்"ன்னார். ஆட்-ஆன் சேத்துட்டேன்னு அவரே அனுப்புன வாட்ஸ்அப் மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கே அனுப்பினேன், அதோட போன் எடுக்குறத நிறுத்திட்டார். இத சாதாரண கவனக்குறைவுன்னு நான் எடுத்துக்க மாட்டேன், இது பச்சையான ஏமாத்து வேலை. வயசானவங்கள நடுக்கடலுக்கு அனுப்பி வைக்கிறோம்னு தெரிஞ்சே பண்ணியிருக்கார்.

விடல. மாத்திரை டோஸ் மாத்துனதுக்கும் இந்த நிமோனியாவுக்கும் தொடர்பு இல்லன்னு அப்பாவ வழக்கமா பாக்குற டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியோட அப்பீல் போட்டோம். இழுத்தடிச்சு கடைசில கரையில இருந்த ஆஸ்பத்திரி பில்ல மட்டும் குடுத்தாங்க. கப்பல் பில்லு, டிக்கெட், வீணான நாட்கள் எல்லாம் போனது போனதுதான். ரிஜெக்ட்னு லெட்டர் வந்தா நிறைய பேர் அப்படியே விட்டுடுறாங்க, விடாதீங்க, எந்த ஷரத்துப்படி ரிஜெக்ட்னு எழுத்துல கேளுங்க, அந்த ஷரத்துக்கு மட்டும் குறிவச்சு பதில் போடுங்க.

இதுக்கப்புறம் நான் உக்காந்து படிச்சது, விசாரிச்சது எல்லாத்தையும் இங்க கொட்டிடுறேன்.

பிரவுச்சர தூக்கி ஓரமா வைங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி முழு வேர்டிங் கையில வரணும், அது வரலன்னா அந்த ஏஜென்ட்கிட்ட வாங்காதீங்க. வந்ததும் நேரா டெஃபனிஷன் பகுதிக்கு போங்க, ஆஸ்பத்திரின்னா என்ன, க்ரூஸ்னா என்ன, ப்ரீ-எக்ஸிஸ்டிங்னா, அதாவது ஏற்கனவே இருக்கிற வியாதின்னா என்ன, இந்த மூணும் எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க. கப்பல் டாக்டர் பாக்குறது, அதுவும் சேராம வெளிநோயாளியா பாக்குறது கவர் ஆகுமான்னு கம்பெனிக்கே ஈமெயில் போட்டு பதில எழுத்துல வாங்கிடுங்க. பிரிட்டன்ல நிறைய சாதாரண டிராவல் பாலிசிகள்ல க்ரூஸ் சேரவே சேராது, தனியா க்ரூஸ் கவர் போடணும். அமெரிக்காவுல மெடிகேர்ங்கிற அரசு ஹெல்த் இன்சூரன்ஸ்ல இருக்கிற பெரியவங்களுக்கு, கப்பல் அமெரிக்க துறைமுகத்துல இருந்து 6 மணி நேர தூரத்த தாண்டிட்டா கப்பல் சிகிச்சைக்கு மெடிகேர் குடுக்காது. வீட்ல இருக்கிற ஹெல்த் இன்சூரன்ஸ் பாத்துக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மாத்திரை விஷயம் ரொம்ப முக்கியம். லுக்-பேக் பீரியட்னு ஒண்ணு இருக்கு, பாலிசி எடுத்த தேதிக்கு முன்னாடி இத்தனை நாளுக்குள்ள நோய்க்கு சிகிச்சை எடுத்தாலோ மருந்து மாத்தினாலோ அது ப்ரீ-எக்ஸிஸ்டிங் ஆயிடும், அமெரிக்க பாலிசிகள்ல பொதுவா 60 நாள்ல இருந்து 180 நாள் வரைக்கும் வச்சிருக்காங்க. டோஸ் குறைச்சாக் கூட சில கம்பெனிக்கு அது மாற்றம்தான். இந்த ப்ரீ-எக்ஸிஸ்டிங் கட்டுப்பாட்டுல இருந்து நமக்கு ஒரு விலக்கும் கிடைக்கும், ஆனா டூருக்கு முதல் அட்வான்ஸ் கட்டினதுல இருந்து 14, 21 நாள்னு அவங்க சொல்ற கெடுவுக்குள்ள பாலிசி எடுத்திருக்கணும், அதனால "கிளம்புறதுக்கு முன்னாடி எடுத்துக்கலாம் சார்"னு ஏஜென்ட் சொன்னா அந்த விலக்கே கைய விட்டு போயிடும். வியாதிய மறைச்சு போடுங்க பிரீமியம் கம்மி ஆகும்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, மறைச்சது தெரிஞ்சா பாலிசியே செல்லாதுன்னு சொல்லிட முடியும்.

அடுத்தது எவாக்குவேஷன். கப்பல்ல இருந்து ஹெலிகாப்டர்ல தூக்குறது, கரையில இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏர் ஆம்புலன்ஸ்ல கொண்டு போறது, இதெல்லாம் சேர்ந்தது. ஒதுக்குப்புறமான இடத்துல இருந்து நல்ல ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக 1,00,000 டாலருக்கு மேல கூட ஆகலாம்னு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லுது. அதனால சிகிச்சைக்கு எவ்வளவுன்னு பாக்குற மாதிரியே எவாக்குவேஷனுக்கு எவ்வளவுன்னு தனியா பாருங்க, ரெண்டும் ஒரே தொகைக்குள்ள அடங்குதா தனித்தனியான்னும் பாருங்க. முன்அனுமதி விஷயத்துல ஷரத்து எப்படி இருக்குன்னு பாருங்க, அவசரத்துல இத்தனை மணி நேரத்துக்குள்ள தகவல் சொன்னா போதும்னு இருக்கிறது நல்ல பாலிசி. ஹெல்ப்லைன் நம்பர ஒரு பேப்பர்ல எழுதி எல்லார் பர்ஸ்லயும் வைங்க, நடுக்கடல்ல போன் சிக்னல நம்ப முடியாது.

கப்பல் கம்பெனியே டிக்கெட்டோட சேத்து ஒரு பாதுகாப்பு பிளான் விக்கும், ஒரு டிக் அடிச்சா முடிஞ்சுது, வசதியாத்தான் இருக்கும். ஆனா அதுல மருத்துவத் தொகை பெரும்பாலும் கம்மி, நீங்க தனியா போட்ட விமான டிக்கெட் பல நேரம் அதுல வராது, என்ன காரணத்துக்கு வேணா கேன்சல் பண்ணலாம்னு பெருசா போட்டிருப்பாங்க ஆனா திரும்பி வர்றது பெரும்பாலும் பணமா இருக்காது, அடுத்த பயணத்துக்கு கிரெடிட்டா இருக்கும். தனி இன்சூரன்ஸ்ல அதே மாதிரி எடுத்தா செலவுல 50லேருந்து 75 சதவீதம் வரைக்கும் பணமாவே கிடைக்கும், கிளம்புறதுக்கு 48 மணி நேரம் முன்னாடியே கேன்சல் பண்ணிடணும்னு கண்டிஷன் இருக்கும். வயசானவங்க கூட வர்றாங்கன்னா இந்த பிரீமியம் அதிகம்தான், ஆனாலும் என் அபிப்ராயத்துல மருத்துவமும் எவாக்குவேஷனும் வலுவா இருக்கிறதுக்கு முதல்ல காசு போடுங்க, கேன்சலேஷன் எல்லாம் அதுக்கு அடுத்துதான்.

கேபின்லயே அடைச்சு வைக்கிற நிலைமையும் வரலாம். 2020 பிப்ரவரில யோகோஹாமாவுல டைமண்ட் பிரின்சஸ் கப்பல்ல 3,711 பேர் மாட்டிக்கிட்டாங்க, 700 பேருக்கு மேல கொரோனா வந்துச்சு. அவ்வளவு பெருசா இல்லன்னாலும் நோரோவைரஸ் வயித்துப்போக்கு கப்பல்ல வர்றது புதுசு இல்ல, வந்தா ரூம விட்டு வராதீங்கன்னு சொல்லிடுவாங்க. சில பாலிசில இதுக்கு நாள் கணக்குல ஒரு தொகை உண்டு, நிறைய பாலிசில கிடையாது. அதே மாதிரி ஒரு துறைமுகத்துக்கு போகாம விட்டுட்டாங்கன்னா கப்பல் கம்பெனிகிட்ட பெருசா எதுவும் கேக்க முடியாது, ரூட்ட மாத்த எங்களுக்கு உரிமை இருக்குன்னு டிக்கெட் கான்ட்ராக்ட்லயே போட்டிருப்பாங்க. அந்த பொடி எழுத்தெல்லாம் கோர்ட்ல நிக்குமான்னு கேட்டா, பல நேரம் நிக்கும். கப்பல்ல வழுக்கி விழுந்து அடிபட்ட ஒரு பயணி சொந்த ஊர்ல கேஸ் போட்டப்போ, டிக்கெட்ல எழுதியிருக்கிற ஊர்லதான் போடணும்னு 1991ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே கார்னிவல் கம்பெனி வழக்குல சொல்லிடுச்சு.

புயல் சீசன்ல போறீங்கன்னா, அட்லாண்டிக்ல அது ஜூன் 1லேருந்து நவம்பர் 30 வரைக்கும், புயலுக்கு பேர் வச்சதுக்கு அப்புறம் எடுக்கிற பாலிசி அந்தப் புயலுக்கு பொதுவா செல்லாது. விமானம் லேட்டாகி கப்பல விட்டுட்டா எத்தனை மணி நேர தாமதத்துக்கு மேல குடுப்பாங்கன்னு பாருங்க, 3 மணி நேரம்னு இருக்கிறதும் உண்டு, 12 மணி நேரம்னு இருக்கிறதும் உண்டு, 12 மணி நேரம்னா கப்பல விட்டவங்களுக்கு அதனால என்ன பிரயோஜனம்? முந்தின நாளே துறைமுக ஊருக்கு போய் சேந்துடுங்க.

சர்டிபிகேட் வந்த உடனே மூணு விஷயம் சரி பாருங்க: ஆட்-ஆன் பேர் அதுல அச்சாகியிருக்கா, நீங்க கட்டின தொகையும் பிரீமியம் தொகையும் ஒண்ணா இருக்கா, எல்லாரோட பேரும் வயசும் சரியா இருக்கா. ஏஜென்ட் லேட் பண்ணா கம்பெனி கஸ்டமர் கேர்ல பாலிசி நம்பர் சொல்லி நேரடியா கேளுங்க, தர்றாங்க. வாங்கின கொஞ்ச நாளுக்குள்ள பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்து பணத்த வாங்குற ஃப்ரீ லுக் வசதியும் நிறைய பாலிசில உண்டு, கடைசி நேரத்துல சர்டிபிகேட் குடுத்தா அதுவும் நமக்கு உபயோகப்படாம போயிடுது. ஏஜென்ட் சொல்ற ஒவ்வொரு வாக்குறுதியையும் மெசேஜ்ல வாங்குங்க, போன்ல சொன்னா "நீங்க இப்படி சொன்னீங்க, சரிதானே"ன்னு நீங்களே டைப் பண்ணி அனுப்பி ஓகே வாங்குங்க. அவர் மேல நான் குடுத்திருக்கிற புகாருக்கு இப்ப கையில இருக்கிற ஒரே ஆதாரம் அந்த மெசேஜ்தான், புகார் இன்னும் விசாரணைல இருக்கு.

அப்புறம் கப்பல்ல இருந்து இறங்குற நிலைமை வந்தா, எவ்வளவு அவசரமா இருந்தாலும் யாராவது ஒருத்தர் நின்னு கப்பல் டாக்டரோட ரிப்போர்ட்டு, எக்ஸ்ரே, வரி வரியா பிரிச்ச பில்லு, பணம் கட்டின ரசீது, மருத்துவ காரணத்துக்காகத்தான் இறக்குறோம்னு கப்பல் தரப்புல ஒரு லெட்டர், இந்த அஞ்சையும் கையோட வாங்கிடுங்க. நாங்க லெட்டர மட்டும் அப்புறம் ஈமெயில்ல கேட்டோம், அது வந்து சேர்றதுக்குள்ள கிளெய்ம் கெடு முடியப் போற நிலைமைக்கு வந்துடுச்சு.