தேக்கு விளிம்புக்கு ஆயிலா, எபாக்ஸியா, சுவர் எமல்ஷனா?

பாய்மரப் படகின் தேக்குக் கைப்பிடிக்கும் விளிம்புக் கட்டைக்கும் வழக்கமான வைத்தியம் வார்னிஷ். ஆறு முதல் எட்டு கோட், அதன்பின் வெப்பக் கடல் வெயிலில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு கோட். அழகில் அதற்கு ஈடு இல்லை, அதில் வாதமே வேண்டாம். அந்த வேலைக்கு மாற்றாகப் பலர் போகும் மூன்று வழிகள்: டீக் ஆயில், வார்னிஷுக்கு அடியில் எபாக்ஸி (இரண்டு திரவத்தைக் கலந்து இறுகவிடும் பிசின்), வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன். என் தேர்வு மூன்றாவது. தேக்கின் மேல் பெயின்ட்டா என்று முகம் சுளிப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டீக் ஆயில் என்பது தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ தின்னரோடு கலந்தது. முதல் வாரம் கண்ணைப் பறிக்கும். ஈரமும் வெயிலும் மாறி மாறி அடிக்க, பூஞ்சை பிடித்துக் கறுக்கும். கறுப்பை எடுக்கக் காரமும் அமிலமும் போட்டுத் தேய்த்தால் மர ரேகையின் மென்பகுதி கரைந்து, மரம் வரிவரியாக மேடுபள்ளமாகிவிடும். இன்னொன்று, ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

எபாக்ஸி மரத்தை நன்றாக இறுக்கிப் பிடிக்கும், ஆனால் வெயிலைத் தாங்காது. மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் எப்போதும் இருந்தாக வேண்டும். அது தேய்ந்தால் எபாக்ஸி மஞ்சளித்து, வெளுத்து, மாவாக உதிரும். ஒரு திருகு ஓரத்திலோ மூட்டிலோ மயிரிழை வெடிப்பு விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, அடியில் கறுப்புத் திட்டு பரவும்.

எதைத் தேர்ந்தாலும் ஒருநாள் அது பழுதாகத்தான் போகிறது. அன்றைக்கு எப்படிக் கழற்றுவது என்பதுதான் என் கணக்கு. எபாக்ஸியை ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) இளக்கிச் சுரண்டும்போது மரமும் சேர்ந்து பெயரும். ரேகைக்குள் இறங்கியதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மெல்லிய விளிம்புக் கட்டை இதை எத்தனை முறை தாங்கும்?

எமல்ஷனை நேரடியாகத் தேக்கில் அடித்தாலும் இதே கதிதான், நிறமி ரேகைக்குள் புகுந்துகொள்ளும். அதனால் அடியில் வார்னிஷ் வேண்டும். கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, 120-ஆம் எண் உப்புத்தாள் போடுங்கள். துணியில் பழுப்பு வருவது நிற்கும்வரை அசிட்டோனால் துடைத்து, மரத்தின் எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள், கால் மணி நேரத்துக்குள், பாதிக்குப் பாதி தின்னர் கலந்த முதல் வார்னிஷ் கோட்டை ஓட்டிவிடுங்கள். பிறகு கலக்காமல் இரண்டு கோட், இடையில் 220 தாள். ஒரு வாரம் இறுக விட்டு, பளபளப்பு போகும்வரை தேய்த்து, எண்ணெய் பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு அல்லது மூன்று கோட்.

நிறம் வெளிர் பழுப்பாக இருக்கட்டும். கருநிறம் சூட்டை இழுத்து மூட்டுகளைத் திறந்துவிடும். பெயின்ட்டின் நிறமி வெயிலை மறித்துவிடுவதால் அடியில் உள்ள வார்னிஷ் வெகுநாள் கெடாது. உரிந்த இடத்தில் மட்டும் ஓரத்தை மழுங்கத் தேய்த்து ஒரு தீட்டு தீட்டினால் போதும், ஒட்டுப் போட்டது தெரியாது. வார்னிஷில் அது நடக்காது, திட்டுத் தெரியும். மறுபடி தேக்கே தெரிய வேண்டுமென்றால், ஹீட் கன்னைக் காட்டி ஸ்கிரேப்பரால் இழுங்கள். பெயின்ட்டும் வார்னிஷும் சேர்ந்து நாடாவாக உரிந்து வரும், அடியில் மரம் சுத்தமாக இருக்கும்.

குறை உண்டு. எமல்ஷன் முழுக்க இறுகுவதில்லை, அழுத்தினால் ஒட்டும். படகின் திறந்து மூடும் மூடிகளின் விளிம்பில் அடித்தால் சூட்டில் மூடி ஒட்டிக்கொள்ளும். கயிறு உரசும் இடத்தில் சீக்கிரம் தேயும், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொப்பளிக்கும். அங்கெல்லாம் எண்ணெய் எனாமல் நல்லது. நடக்கும் தளத்துக்கு எதுவுமே வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய பிரஷ்ஷால் ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்துவிட்டு, நரைக்க விட்டுவிடுங்கள்.