காய்ச்சலின் எத்தனையாவது நாள்? விடால், கல்ச்சர், எலிசா: ஓர் ஒப்பீடு

கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். ஏலத்தோட்டக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதில் அதிகம். யாருக்காவது காய்ச்சல் வந்தால் மலைமேல் ஒரு லேபில் ரத்தம் கொடுப்பார்கள். குறையவில்லை என்றால் கீழே இறங்கி இன்னொரு லேபில் கொடுப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இருபது வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கும் என் மேசைக்கு இரண்டு சீட்டுகளும் சேர்ந்து வரும். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே வரி: விடால் பாசிட்டிவ்.

போன மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் அப்படித்தான் வந்தார். "தம்பி, ரெண்டு இடத்திலும் டைபாய்டு என்று எழுதிவிட்டார்கள். அஞ்சு நாளாக மாத்திரை சாப்பிடுகிறேன். காய்ச்சல் விடமாட்டேன் என்கிறதே?" என்று கேட்டார். அவரிடம் பிறகு வருகிறேன். அவர் கையிலிருந்த சீட்டு என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1896-ல் பாரிஸில் ஃபெர்னான் விடால் காட்டியது எளிமையான ஒன்று. டைபாய்டு நோயாளியின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) டைபாய்டு கிருமியைக் கலந்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளும். சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள் செய்யும் வேலை அது. ஆக, விடால் கிருமியைத் தேடுவதில்லை. கிருமி வந்துபோனதற்கு உடம்பு காட்டும் அடையாளத்தைத்தான் தேடுகிறது. வீட்டுக்குள் திருடன் இருக்கிறானா என்று பார்க்காமல், நாய் குரைத்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பது மாதிரி. நாய் போன வருடத்துத் திருடனை நினைத்தும் குரைக்கும், விருந்தாளிக்கும் குரைக்கும்.

இன்று பெரும்பாலான சிறிய லேப்களில் நடப்பது ஸ்லைடு முறை. கண்ணாடித் தகட்டின் வட்டங்களில் சீரத்தை விட்டு, அதன்மேல் ஒரு சொட்டு ஆன்டிஜன், அதாவது கொன்று சாயமேற்றிய டைபாய்டு கிருமிக் கரைசல். கிட்டில் ஓ ஆன்டிஜன் (கிருமியின் உடல்) நீல நிறம், எச் ஆன்டிஜன் (அதன் வால்) சிவப்பு. குச்சியால் கலக்கி ஒரு நிமிடம் மெல்லச் சாய்த்து ஆட்ட வேண்டும். பால் திரிவதுபோல நீலம் மணல் மணலாகப் பிரிந்தால் பாசிட்டிவ். அந்த ஒரு நிமிடம்தான் எல்லாம். வரிசையில் கூட்டம் நிற்கும்போது தகட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்தவருக்கு ஊசி போட்டுத் திரும்பினால் சொட்டின் ஓரம் காய்ந்திருக்கும்; திரியாததும் திரிந்ததுபோலத் தெரியும். நான் வேலை பழகிய இடத்தில் இது எத்தனையோ முறை நடந்தது. அந்தச் சீட்டுகளை நம்பி மருந்து சாப்பிட்டவர்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. டியூப் முறை நேர்மையானது. சீரத்தைப் படிப்படியாக நீர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்துக் காலையில் படிக்க வேண்டும். அந்தப் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை.

தகட்டைச் சரியாகவே படித்தாலும் தொல்லை தீராது. 1:80, 1:160 என்று எழுதுகிறோமே, அது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் திரள்கிறது என்ற கணக்கு. கலங்கிய தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர்களில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கும் ஓரளவு எதிர்ப்பொருள் இருக்கும். முன்பு வந்துபோன டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, டைபாய்டின் உறவுக்காரக் கிருமிகள், சம்பந்தமே இல்லாத வேறு காய்ச்சல் என எதுவும் எண்ணை ஏற்றலாம். எதிர்ப்பொருள் ஊறவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், காய்ச்சலின் மூன்றாம் நாள் நெகட்டிவ் வந்தால் டைபாய்டு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எண் நான்கு மடங்கு ஏறினால் மட்டும்தான் அதற்கு எடை உண்டு. இரண்டாவது முறை ரத்தம் கொடுக்க வந்தவர்களை என் விரல்களில் எண்ணிவிடலாம்.

கல்ச்சர் நேராகத் திருடனையே தேடுகிறது. ரத்தத்தை வளர்ப்புக் கரைசல் உள்ள பாட்டிலில் விட்டு இன்குபேட்டரில் வைத்தால், உயிரோடு இருக்கும் கிருமி பெருகும். ஆனால் டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருப்பது சகஜம். அதனால்தான் பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி வரை எடுக்கிறோம். "விடாலுக்கு ரெண்டு மில்லி போதும் என்றார்களே, ஏன் இவ்வளவு உறிஞ்சுகிறீர்கள்?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குளத்தில் நாலு மீன் இருக்கும்போது ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு, மீனே இல்லை என்று சொல்லக் கூடாது.

எடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகு அயோடின் தடவி, அது காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாட்டிலுக்குள் போய், இல்லாத நோயை உண்டாக்கிக் காட்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடைக்க வேண்டும். ரத்தம் விட்ட பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ கரைசல் கலங்கினால், அதிலிருந்து ஒரு துளி எடுத்து மெக்காங்கி அகார் என்ற வளர்ப்புக் கூழ்த் தட்டில் இழுப்போம். ஈ.கோலை என்றால் ரோஜா நிறத்தில் வளரும். டைபாய்டு நிறமில்லாமல், பனித்துளிபோல நிற்கும். பிறகு டிஎஸ்ஐ குழாய்; சர்க்கரைகளும் இரும்பும் கலந்த அகாரைச் சரிவாக உறைய வைத்தது. அடிப்பாகம் மஞ்சள், சரிவு சிவப்பு, இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு, அரும்பு மீசை மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் அந்த மீசையைக் கண்டவுடன் நாற்காலியிலிருந்து எழுந்து மருத்துவருக்கு போன் செய்துவிடுவேன்.

அதற்கு அடுத்த நாள் கிடைப்பதுதான் கல்ச்சரின் பெரிய பலன். முல்லர்-ஹின்டன் அகாரில் கிருமியைப் பரப்பி, மருந்து நனைத்த சிறு காகித வில்லைகளை வைத்து, 16 முதல் 18 மணி நேரம் கழித்து ஒவ்வொரு வில்லையையும் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறோம். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகளிடம் எடுபடுவதில்லை. ஓய்வு கொடுத்து வைத்த பழைய குளோரம்ஃபெனிகாலோ பல இடங்களில் மறுபடி கேட்கிறது. விடால் சீட்டில் இதில் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது.

கல்ச்சருக்கும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். உண்மையான டைபாய்டு நோயாளிகளிலேயே ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்குத்தான் ரத்தத்தில் கிருமி வளர்கிறது. எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் கூடுதலாகப் பிடிபடும். ஆனால் கூலி வேலைக்காரர் ஒருவரை அதற்குப் படுக்க வைக்க எந்த மருத்துவருக்கும் மனசு வராது. ஆன்டிபயாடிக் ஓரிரு வேளை உள்ளே போய்விட்டால் வாய்ப்பு இன்னும் சுருங்கும். செஃபிக்ஸிம் 2014 முதல் ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கிறது; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இருந்தும் அரை அட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பலர் லேபுக்கு வருகிறார்கள். விலையும் விடாலைப்போலப் பல மடங்கு. ஆனாலும் கேட்காத மருந்துக்கும், இழந்த கூலிக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், முதல் வாரத்தில், முதல் மாத்திரைக்கு முன்னால் எடுத்த ஒரு கல்ச்சர் எனக்கு நாலு விடாலைவிட மேல்.

கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கித் தேடும் பிசிஆர் பற்றியும் கேட்கிறார்கள். காசநோய்க்கு அது வரப்பிரசாதம். சளியை வைத்து சிபிநாட் என்ற பிசிஆர் கருவி இரண்டு மணி நேரத்தில் கிருமியையும் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அதன் எதிர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. திட வளர்ப்பூடகத்தில் அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆனால் டைபாய்டுக்கு ரத்தத்தில் பிசிஆர் அவ்வளவு உதவாது. கிருமியே அரிது, இயந்திரத்துக்குள் போகும் ரத்தமோ சில துளி.

இனி அந்த அக்கா. எல்லைக்கு மேலே, கேரளப் பக்கம் காய்ச்சல் என்றால் மருத்துவர்கள் எலிப்பனியை (எலிக்காய்ச்சல்) முதலில் நினைப்பதையும், கீழே டைபாய்டை முதலில் நினைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். புதர்க்காட்டில் வேலை செய்பவருக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: ஸ்க்ரப் டைஃபஸ், நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்பது. கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடம் வலிக்காது, அரிக்காது; சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு மட்டும் நிற்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், பாவாடை நாடா அழுத்தும் இடம் என மறைவான பகுதிகளில்தான் இருக்கும்.

இதற்கு வெயில்-ஃபெலிக்ஸ் என்ற சோதனையை இன்றும் சில லேப்களில் செய்கிறார்கள். 1916-ல் வந்த அது விடாலின் தம்பி மாதிரி. புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியை வைத்துத் திரள்கிறதா என்று பார்ப்பது. உண்மையான நோயாளிகளில் பலரை அது தவறவிடுகிறது. தொற்றின் தொடக்கத்தில் ஊறும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளை நிற மாற்றத்தால் காட்டும் ஐஜிஎம் எலிசா அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் எதிர்ப்பொருளைத் தேடுவதுதான் என்பதால் காய்ச்சலின் ஐந்தாறு நாளுக்குப் பிறகு எடுத்தால்தான் பலன். அதற்கு முன்னால் என்றால் அந்தப் பொருக்கிலிருந்து பிசிஆர் செய்யலாம். பெரிய ஊர் லேபுக்கு அனுப்ப வேண்டும்.

அக்காவுக்கு அன்று ஏழாம் நாள். நர்ஸ் அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தார். இடுப்பில், நாடாத் தடத்துக்கு ஒட்டினாற்போல, மிளகளவுக்குக் கறுப்பு. எலிசாவுக்கும் கல்ச்சருக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தேன். பொருக்கைப் பார்த்த மருத்துவர் எலிசாவுக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்ஸிசைக்ளின் தொடங்கினார். எலிசா மறுநாள் பாசிட்டிவ். அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. கல்ச்சர் பாட்டிலை விதிப்படி ஏழு நாளும் வைத்துப் பார்த்தேன். கடைசி வரை கலங்கவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியான ஓரியென்ஷியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். அந்தக் கரைசலில் எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது வளர்ந்திருக்காது.