கறுப்பு அங்கிக்குக் கொட்டனா, பொலியெஸ்டரா?

பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக வராது. பெரும்பாலும் நிறுவனமே அங்கியை வாடகைக்குக் கொடுத்து, விழா முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஆண்டுதோறும் விரிவுரையாளர் வரிசையில் நடக்க வேண்டிய என் போன்றவர்கள்தான் சொந்தமாக ஒன்று தைத்து வைத்துக்கொள்ளப் பார்ப்போம். நான் பொலியெஸ்டரில் தைத்தேன். "கொழும்புப் புழுக்கத்துக்குப் பொலியெஸ்டரா?" என்று கேட்காத ஆளில்லை.

உடம்புக்குச் சுகம் கொட்டன்தான், அதில் வாதமே இல்லை. காற்றுப் போகும், வியர்வையை இழுத்துக்கொள்ளும். முதுகுப் பட்டிக்குக் கீழே நெருக்கமாகப் பிடிக்கும் சுருக்குகள் கொட்டனில் நிமிர்ந்து நிற்கும் அழகே தனி. சாட்டின் பக்கம் போகவே வேண்டாம். மேடை வெளிச்சத்தில் மினுங்கி, கூத்து ராசா மாதிரி ஆக்கிவிடும்.

ஆனால் அங்கி என் தோளில் இருப்பது வருடத்தில் ஒரு காலைப்பொழுது, அதுவும் ஏசி போட்ட மண்டபத்துக்குள். மிச்ச நாளெல்லாம் அது அலுமாரியில் தொங்குகிறது. அப்படியென்றால் துணியை அலுமாரிக்குப் பொருத்தமாகத்தானே எடுக்க வேண்டும்?

கொழும்பில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதைவிட ஈரம் குறைந்த காற்றில்கூட கொட்டன் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. போதாததற்குக் கொட்டன் தாவர நார், பூஞ்சணத்துக்கு அதுவே சாப்பாடு. கஞ்சி போட்டு மடித்து வைத்தால் விருந்து. எங்கள் துறையில் ஒருவருடைய நல்ல கொட்டன் அங்கியை ஒக்டோபர் மழைக்குப் பிறகு வெளியே எடுத்தபோது, கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது. தூரிகையால் தட்டினால் போய்விடுகிறது, மணம் போவதில்லை. தோய்த்தால் கறுப்பு வெளுக்கிறது. கொட்டன் கறுப்பு சில தோய்ச்சலிலேயே மண்ணிறம் காட்டத் தொடங்கிவிடும். பொலியெஸ்டருக்கு 130 பாகை அளவு சூட்டில் சாயத்தை நாருக்குள்ளேயே ஏற்றுகிறார்கள், அது இலேசில் இறங்காது. வெள்ளவத்தையில் எனக்குத் தைத்துத் தருபவர் இதையெல்லாம் ஒரே வரியில் முடித்தார்: "மிஸ், கொட்டன் எண்டா கறுப்பு நிக்காது."

பொலியெஸ்டரிலும் வியர்வையோடு தொங்கவிட்டால் பூஞ்சணம் வரும். அழுக்கு இருந்தால் அதற்குப் போதும். விழா முடிந்த அன்றே அலசி நிழலில் போட்டால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடுகிறது. ஸ்திரிக்கை அநேகமாகத் தேவைப்படாது. தேவைப்பட்டால் ஸ்திரிக்கைப் பெட்டியில் இரண்டு புள்ளி போட்ட சூட்டுக்கு மேலே போகாமல், உட்பக்கமாக, ஒரு ஈரத்துணியை வைத்துத் தேய்க்க வேண்டும். நேரே வைத்தால் கறுப்பில் பளபளவென்று தடம் விழும், அதை எடுக்கவே முடியாது.

குறை இல்லாமலில்லை. அங்கிக்கு மேலே கழுத்தைச் சுற்றி முதுகில் தொங்கவிடும் ஹூட் பின்னால் வழுக்கும். அதன் முன்பக்கத்தில் சின்ன நூல் வளையம் ஒன்று தைத்து உள்ளே போட்ட சட்டையின் பொத்தானில் மாட்டிவிட வேண்டும். சேலை உடுத்துபவர்கள் ஊக்கு குத்திக்கொள்ளலாம். பட்டுச்சேலையின் சரிகைக் கரை மெல்லிய பொலியெஸ்டரில் நூலை இழுத்துவிடும் என்பதால் கொஞ்சம் கனமான, மினுங்காத துணியாகப் பாருங்கள். புழுக்கத்துக்கு நான் கண்ட வழி, முழு அங்கிக்கும் லைனிங் போடாமல் முதுகுப் பட்டிக்கு மட்டும் உள்ளே கொட்டன் வைத்தது. வெளியே வெயிலில் படம் எடுக்க நிற்கும்போது புழுங்கத்தான் செய்யும்.

ரேயோனில் நான் அங்கி தைத்ததில்லை. வீட்டில் சல்வார்களைப் பார்த்த அளவில், விழுகை அருமை, சுருங்குவதும் அதே அளவு. நனைந்தால் பலமும் குறையும். பொலியெஸ்டரும் ரேயோன் வகையான விஸ்கோஸும் கலந்த சூட் துணி நடுவழியாக இருக்கலாம். கனம் கூடியது, விலையும் கூட. பல வருடம் வைத்துப் பார்த்தவர் சொன்னால் கேட்பேன்.

புறக்கோட்டையில் பிரதான வீதி, கெய்சர் வீதிப் பக்கம் துணி எடுக்கப் போனால் பெயரை நம்பாதீர்கள். 'கொட்டன்' என்று தருவதிலும் கலப்பு இருக்கும். ஓரத்து நூல் ஒன்றை வாங்கி வந்து கொளுத்திப் பார்த்தால் தெரியும்: கொட்டன் கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாக உருளும். தேவையான மீற்றர் முழுவதையும் ஒரே சுருளிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே கறுப்பாகத் தெரிந்த எத்தனையோ துணி வெளியே கருநீலமாக இருக்கும்.