பழநி நடைக்கு வாங்குன குட்டி எம்பி3 பிளேயர்: பொட்டி ஓகே, கார்டுதான் கோளாறு

தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து பழநிக்கு நடக்குற அப்பச்சிக்காக வாங்குனது இது. ஃபோன்லயே கேட்டா என்னன்னு கேப்பீங்க, கேக்கலாம்தான், ஆனா சிங்கம்புணரி தாண்டுறதுக்குள்ள சார்ஜ் இறங்கிருது, அப்புறம் வீட்ல இருந்து ஆத்தா கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப், அதுல இங்க எல்லாருக்கும் டென்ஷன். ஐபாடையே 2022ல நிறுத்திட்டாங்க, இந்தக் காலத்துல எம்பி3 பிளேயரான்னு சிரிச்சவங்க உண்டு. சிரிக்கட்டும். பிராண்டு பேரு போடல, ஏன்னா இதே பொட்டி ஆன்லைன்ல நாலஞ்சு பேருல விக்குது, விலை 2,000 ரூபாய்ச் சொச்சம்.

முதல்ல நல்லது. நிஜமான பட்டன் இருக்கு, டச் கிடையாது. விடியக்காலை இருட்டுல நடக்கும்போது சட்டைப் பைக்குள்ள கையை விட்டு கட்டை விரலாலயே அடுத்த பாட்டு, சவுண்டு எல்லாம் தட்டிக்கலாம், பாக்கவே வேண்டாம். அறுபது தாண்டுனவங்களுக்கு இது ஒண்ணே போதும் வாங்குறதுக்கு. வயர் இயர்போன் போட்டா பகல் முழுக்க ஓடி மறுநாளும் கொஞ்சம் தாங்குது, ப்ளூடூத் போட்டா பாதிகூட வரல. சார்ஜ் டைப் சி. கூட வர்ற இயர்போன் சுத்த வேஸ்ட்டு, அதை எடுத்து வெளியவே வச்சிருங்க.

கெட்டது என்னன்னா தமிழ்ல பாட்டு பேரு இருந்தா ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா வருது, இங்கிலீஷ் எழுத்துல மாத்தி வச்சாத்தான் தெரியும். அதுமில்லாம ஃபோல்டர்ல எந்த வரிசையில காப்பி பண்ணீங்களோ அந்த வரிசையிலதான் பாடுது, பேரு வரிசை பாக்குறதில்ல. விநாயகர் பாட்டு முதல்ல வரணும்னா அதை முதல்ல காப்பி பண்ணணும், அவ்ளோதான். பெட்டி மேல ஹை ரெஸ் 24 பிட்டுன்னு, அதாவது சிடியை விட நுணுக்கமா பாடும்னு, தங்கக் கலர் ஸ்டிக்கர் வேற. நத்தம் ரோட்டுல பக்கத்துல லாரி போயிட்டு இருக்கும்போது எந்தக் காதுக்கு அந்த 24 பிட்டு கேக்கும்?

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். பொட்டியை விட முக்கியம் உள்ள போடுற ஃபைல். இங்க காரைக்குடியில ஒரு மொபைல் கடையில பாட்டு ஏத்துன 32 ஜிபி கார்டு வாங்குனோம். தம்பி என்ன சொன்னாப்லன்னா, "அண்ணே 5000 பாட்டு இருக்கு, எல்லாமே 320ண்ணே, குவாலிட்டி அப்படி இருக்கும்." அங்கயே மனக்கணக்கு போட்டாலே போதும். 320ன்னா பிட்ரேட்டு, ஒரு செகண்டு பாட்டுக்கு எவ்ளோ டேட்டான்னு கணக்கு. 320 கேபிபிஎஸ்னா ஒரு நிமிஷத்துக்கு 2.4 எம்பி, அஞ்சு நிமிஷப் பாட்டு 12 எம்பி, 5000 பாட்டுக்கு 60 ஜிபி வேணும், அது எப்படி 32 ஜிபில உக்காரும்? தம்பிகிட்ட கேட்டேன், சிரிச்சுட்டு அடுத்த கஸ்டமரப் பாக்கப் போயிட்டாப்ல. வீட்ல சொருகிப் பாத்தா பாதிக்கு மேல 128. அதுல நிமிஷத்துக்கு 1 எம்பி கூட வராது.

சரி 320ன்னு இருக்குறதாவது நல்லாருக்கும்னு பாத்தா அதுலயும் வேலை இருக்கு. ஸ்பெக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், பாட்டை அதுல போட்டா எவ்ளோ கீச்சு சத்தம் (ஃப்ரீக்வென்சி) வரைக்கும் உள்ள இருக்குன்னு கலர்ல படமா காட்டும். நல்ல 320 ஃபைல்னா பொதுவா 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் கலர் இருக்கும். இதுல 16க்கு மேல கத்தியால வெட்டி எடுத்தாப்ல ஒரே கருப்பு, அதுவும் ஒண்ணு ரெண்டு பாட்டுல இல்ல. பழைய ரெக்கார்டிங்கு தானா மங்கிப்போறது வேற, இப்படி நேர்கோடா வெட்டுப்பட்டா 128ஐத் திரும்ப 320ஆ மாத்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம். காப்பியில தண்ணி ஊத்தி பெரிய டம்ளர்ல குடுக்குற கதைதான். அளவு கூடும், போன சத்தம் திரும்ப வராது. இதே ஃபைலை ஃப்ளாக்கா (சத்தத்துல எதையும் விடாம சுருக்குற ஃபார்மட்) மாத்தி விக்கிறவங்களும் இருக்காங்க, அதுலயும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

எங்க தெரியும்னா தவில்ல. குறைஞ்ச பிட்ரேட் எம்பி3ல தவில் அடி விழுறதுக்கு ஒரு கண்ணிமை முன்னாடியே லேசா 'ஷ்'னு ஒரு சத்தம் கசியும், அடி நறுக்குன்னு இல்லாம மழுங்கிப்போயிரும். நாயனம் மேல போகும்போது தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கும். ஆனா சும்மா சொல்லக்கூடாது, டிஎம்எஸ் காலத்து மோனோ ரெக்கார்டிங்கு 128லயே மோனோவா எடுத்தா தாராளம், அதுக்குப் போயி 320 போடுறது கார்டை அடைக்கிற வேலை.

அதனால வீட்ல பழைய சிடி இருந்தா அதைத் தேடி எடுங்க. எங்க வீட்ல ரெண்டாம் கட்டு அலமாரியில ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்துச்சு, எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு சிடியில இருந்து பாட்டு எடுக்குற சாஃப்ட்வேர் போட்டு நானே ஏத்துனேன். சிடி அப்படியே 1411 கேபிபிஎஸ், ஃப்ளாக்கா எடுத்தா ஏறக்குறைய பாதி சைஸ் ஆகும், சத்தத்துல ஒண்ணும் போகாது. கம்ப்யூட்டர்ல ஃப்ளாக் ஒரு காப்பி வச்சுக்கிட்டு பிளேயருக்கு அதுல இருந்து எம்பி3 பண்ணிக்கிட்டேன், ஃப்ளாக்கும் பாடுது இதுல, ஆனா நடக்கும்போது வித்தியாசம் தெரியாது.

அப்பச்சி சொன்ன ஒரே கம்ப்ளெய்ன்ட், "ஏம்ப்பா, ஒரு பாட்டு முணுமுணுங்குது, அடுத்தது காதைப் பொளக்குது." நியாயம்தான். எம்பி3கெயின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல எல்லாத்தையும் ஒரே சவுண்டு லெவலுக்குக் கொண்டு வந்துட்டேன். திரும்ப கம்ப்ரெஸ் பண்ணாம லெவலை மட்டும் மாத்துறதால குவாலிட்டியும் குறையாது.

வாங்குறவங்க 32 ஜிபி கார்டோட நிறுத்திக்கோங்க. 64 ஜிபில இருந்து எக்ஸ்ஃபேட் ஃபார்மட்ல வரும், இந்தப் பிளேயருக்கு அது புரியாம 'நோ கார்டு'ன்னு காட்டுது, ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்டுக்கு மாத்துற வேலை வேற. பொட்டிக்கு அஞ்சுக்கு மூணரை. அந்தக் கார்டுக்கு ஒண்ணுகூட குடுக்க மாட்டேன், அழிச்சுட்டு இப்ப டேஷ்கேம்ல போட்ருக்கேன்.