லோன் மறுத்துவிட்டார்களா? "அப்பீல் போட்டுத் தர்றேன்" என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

ஈரோட்டில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பவர் மிஷினும் ஒரு ஓவர்லாக்கும் வாங்கலாம் என்று, சிறுதொழிலுக்கான அரசுக் கடன் திட்டமான முத்ராவில், கிஷோர் என்ற பிரிவில் 3 லட்சம் கேட்டு, கணக்கு இருக்கும் வங்கியிலேயே விண்ணப்பித்தேன். ஆறு வாரம் அலையவிட்டு, "உங்க சிபில் சரியில்லம்மா, வராது" என்று கவுன்டரில் வாயாலேயே சொல்லி பைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிபில் என்று அவர்கள் சொன்னது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் ஸ்கோரை. எழுத்தில் ஒரு வரி இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

பைலோடு வாசலில் நின்றதைப் பார்த்து ஒருவர் வந்தார். "ரிஜெக்ட் ஆனா என்னக்கா, ஆம்புட்ஸ்மன்ல அப்பீல் போட்டா மேனேஜரே கூப்பிட்டுக் கொடுப்பாரு." ஆம்புட்ஸ்மன் என்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி. வந்தவர் கேட்ட ஃபீஸ் 12,000 ரூபாய். ஆதார், பான், ஸ்டேட்மென்ட் எல்லாம் கொடுத்தேன், போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டபோதெல்லாம் சொன்னேன். பத்து நாளில் வாட்ஸ்அப்பில் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம், "அப்பீல் ஏற்கப்பட்டது, பிராசஸிங் கட்டணம் 6,500" என்று. முத்திரை கோணலாக ஒட்டியிருந்தது, என் பெயரிலேயே ஓர் எழுத்து தப்பு. அதைப் பார்த்தும் பணம் அனுப்பினேன், அந்த அவசரத்தில் இருந்தேன். அதற்கப்புறம் போன் எடுக்கவே இல்லை.

பி.காம் படிக்கும் தம்பி மகள்தான் உட்கார்ந்து என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். பார்த்தால், எப்போதோ கட்டி முடித்த வண்டி லோனில் இன்னும் 1,340 ரூபாய் பாக்கி என்று கிடக்கிறது, கடன் முழுதும் கட்டியாயிற்று என்று கொடுத்த சான்றான என்ஓசியோ என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கீழே போனால் இன்னொன்று: ஒரே வாரத்தில் ஆறு ஃபைனான்ஸ் கம்பெனிகள் என் பெயரில் விசாரித்திருக்கின்றன. அந்த ஆள் போட்ட "அப்பீல்" அதுதான், கண்ட இடத்திலெல்லாம் என் பெயரில் லோன் கேட்டிருக்கிறார். இப்படி அடுத்தடுத்து விசாரணை விழுந்தாலே ஸ்கோர் இறங்கும். என்ஓசி கையில் இருந்தும் பத்து நிமிடம் அழுதேன்.

என்ஓசியை ஸ்கேன் செய்து சிபில் தளத்திலேயே, தப்பைத் திருத்தச் சொல்லும் புகார் (டிஸ்ப்யூட்) பதிவு செய்தோம். பைசா செலவில்லை. 30 நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கு 24 நாளில் பாக்கி நீங்கியது. அதோடு வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்து, மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டேன். வீட்டுக் கடனோ தொழில் கடனோ, எவ்வளவு சின்னத் தொகையானாலும், மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2007லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், அதை விடாதீர்கள்.

வங்கி 30 நாள் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ ஆம்புட்ஸ்மனுக்குப் போகலாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் நாமே எழுதலாம், சந்தேகம் என்றால் 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். கட்டணமே கிடையாது, ஆளும் தேவையில்லை. ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு, அதை ஆம்புட்ஸ்மன் மாற்றமாட்டார். காரணம் சொல்லாதது, இழுத்தடிப்பது, தப்பான தகவல் மாதிரி சேவைக் குறைகளுக்குத்தான் அந்த வழி. "அப்பீலில் லோன் வாங்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் பொய்.

எனக்கு வங்கியே மறுபடி பார்த்து 2.5 லட்சம் கொடுத்தது, நான்கு மாதம் தாமதமாக. தீபாவளித் தையல் முழுக்கப் போய்விட்டது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ல் புகார் பதிந்திருக்கிறேன், 18,500 இன்னும் வரவில்லை.

அந்த ஆள் இப்போது வேறொரு கிளை வாசலில் நிற்கிறாராம். என்னிடம் பிளவுஸ் தைக்க வரும் அக்கா ஒருவர் நேற்றுதான் அவரிடம் பைல் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை அக்காவோடு நானும் போகிறேன், பைலைத் திருப்பி வாங்க.