கீமோ முடிந்த பிறகு: ஓய்வா, நடையா, எடை தூக்குவதா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்ததிலிருந்து ஹாலில் இருந்த சாய்வு நாற்காலிதான் அவர் இடம். காபி அங்கே, டிவி அங்கே, மதியத் தூக்கமும் அங்கேயே. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன், ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கக்கூட எழ விடவில்லை. ஐந்து மாதம் கழித்து மாடிப்படி நான்கு ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

ஓய்வை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷன் ஆன புதிதில், கீமோ ஏற்றிய அடுத்த சில நாட்களில், காய்ச்சல் இருந்தால், ஓய்வு வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் சிகிச்சை முடிந்தும் விடாத அந்த அசதி தூங்கினால் தீருகிற அசதி இல்லை. படுக்கப் படுக்கத் தசை கரையும், தசை கரையச் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும், மூச்சு வாங்குகிறதே என்று மறுபடி படுப்போம். மாதக்கணக்கில் ஓய்வு என்பதை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

அடுத்தது நடை, ஆதாரம் அதிகம் இருப்பது இதற்குத்தான். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டு கூடவே இருந்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், இன்னொரு பிரிவுக்குக் கையேடு மட்டும். 2025இல் முடிவு வந்தது: 8 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 90.3 சதவீதம், கையேட்டுப் பிரிவில் 83.2. செய்தது பெரும்பாலும் வேக நடைதான். அம்மாவுக்கு வந்தது வேறு புற்றுநோய், இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. பயிற்சி செய்தவர்களுக்குத் தசை, மூட்டுத் தொந்தரவும் கொஞ்சம் கூடுதல். ஆனால் அசதி, பதற்றம், மனச்சோர்வு குறைய வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் நடந்தாலே பலன் தெரியும் என்று 2019இல் வல்லுநர் குழு சொன்னது பல வகைப் புற்றுநோய்க்கும் சேர்த்துத்தான்.

சரி, காலையில் நடந்தாயிற்று, அப்புறம் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருக்கலாமா? இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறோம். நடப்பது ஒரு கணக்கு, உட்காருவது தனிக் கணக்கு. அமெரிக்காவில் புற்றுநோயைக் கடந்தவர்களைக் கவனித்து 2022இல் வந்த ஆய்வில், உடற்பயிற்சியும் இல்லாமல் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இறப்பு அபாயம் மிக அதிகம். உடம்பு முடியாதவர்கள் கூடுதலாக உட்காருவார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். என்றாலும், பத்து நிமிடம்கூட நடக்க முடியாதவர் இன்றைக்கே தொடங்கக்கூடியது இதுதான். நாங்கள் தண்ணீர்ப் பாட்டிலை நாற்காலிப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். தாகம் எடுத்தால் சமையலறை வரை போய் ஒரு டம்ளர். சீரியலில் விளம்பரம் வந்தால் எழுந்து வாசல் வரை ஒரு நடை. இரண்டே வாரத்தில் தெரு முனைக்கு வர அவரே செருப்பைத் தேடினார்.

கடைசியாக எடை. "அந்தக் கையால கனமா எதையும் தூக்காதீங்க" என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியதில், அம்மா காய்கறிப் பைகூட எடுக்க மாட்டார். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு கை வீங்கும் என்ற பயம். ஆனால் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் பாதிப் பேரை மட்டும் வாரம் இரண்டு நாள் எடை தூக்க வைத்து 2009இல் வெளியான ஆய்வில் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமானது எடை தூக்கியவர்களில் 14 சதவீதம், தூக்காதவர்களில் 29. மிகக் குறைந்த எடையில், பயிற்சியாளர் கண் முன்னால், கைக்கு அழுத்த உறை போட்டுக்கொண்டு, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் நடையைத்தான் சொல்வேன். எழவே முடியாத அசதி என்றால் முதலில் உட்காருவதை இடையிடையே முறியுங்கள், நடை பின்னால் வரட்டும். எலும்புக்குப் பரவியிருந்தால், பாதம் மரத்திருந்தால், கீமோவால் இதயம் பலவீனமாகியிருந்தால், டாக்டரையும் பிசியோவையும் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். அம்மா பிசியோவிடம் கேட்டுவிட்டு அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் ஆரம்பித்தார், இப்போது ஒரு கிலோ டம்ப்பெல்.