ஓராண்டு மசாஜ்: எங்கே பலன், எங்கே ஏமாற்றம்

காவடி முடிந்த கையோடு கெண்டைக்கால் வலிக்காது. மொரீசியஸின் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு ஏறும். பழக்கமில்லாத உழைப்பில் தசை இழைகளில் விழும் நுண்காயமே இதற்குக் காரணம். "லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது, பிழிந்து எடுக்கிறேன்" என்று மசாஜ் நிலையத்தில் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். அது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தானாக வடிந்துவிடும்.

வீட்டில் பிடித்துவிட ஒரு காலுக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். எண்ணெயை அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கிண்ணத்தோடு வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள். குப்புறப் படுத்தவரின் கணுக்காலுக்கு அடியில் ஒரு துவாலையைச் சுருட்டி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முழங்கால் விறைத்தே நிற்கும், கெண்டைச்சதை தளராது. முதல் இரண்டு நிமிடம் உள்ளங்கையால் குதிகாலிலிருந்து மேல்நோக்கி உருவல் மட்டும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து, விரலகலம் விட்டு விட்டு அமுக்கல். இறுகிய முடிச்சு தட்டுப்பட்டால் 20, 30 விநாடி அங்கேயே பிடித்து, அவர் மூச்சு விடும்போது சற்றே கூட்டலாம். முழங்காலின் பின்குழியில் கட்டைவிரல் போகவே கூடாது. அங்கே இரத்தக்குழாயும் நரம்பும் மேலாகவே ஓடுகின்றன.

பிடித்துவிடுபவர் விரல் பலத்தால் அமுக்கினால் பத்து நிமிடத்தில் அவருக்கே கட்டைவிரல் மூட்டு வலிக்கும். முழங்கையை நீட்டி, உடம்பின் எடையைச் சாய்ப்பதே சரி. வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டினால் தசை எதிர்த்து இறுகும். வலிக்க வலிக்க அமுக்கினால்தான் குணம் என்பது நம்மவர்களிடம் ஊறிப்போன தப்பு. மறுநாள் நீலம் பாரித்திருந்தால் காயம்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இடுப்பு வலி விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். கரும்பு வெட்டுக் காலத்தில் குனிந்து நிமிர்பவரானாலும் அலுவலக நகரமான எபேனில் எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவரானாலும் மசாஜ் முடிந்த அன்று இடுப்பு லேசாகும். சில நாளில் பழையபடி பிடித்துக்கொள்ளும். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: குறுகிய காலத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம், ஆனால் ஆதாரம் வலுவற்றது. வாரம் அரை மணி நேரம் வீதம் ஓராண்டு தொடர்ந்தாலும், கூடவே நடையும் இடுப்புப் பயிற்சியும் இல்லாவிட்டால் பணம்தான் கரையும். வலி தணிந்திருக்கும் அந்தச் சில நாளில் பயிற்சியைத் தொடங்கிவிடுவதுதான் சாமர்த்தியம்.

மனசுக்குக் கிடைப்பது வேறு கணக்கு. மெதுவான, ஒரே சீரான உருவலில் மூச்சு நிதானப்படும், அன்றிரவு தூக்கம் பிடிக்கும். இதற்குப் பிடரியும் தோள்பட்டையும் போதும், பதினைந்து நிமிடம். கழுத்தின் முன்பக்கத்தை மட்டும் தொட வேண்டாம்.

கிரியோலில் ஃபூலிர் என்கிற சுளுக்குக்கு உடனே ஆள் தேடி ஓடுவது இங்கே வழக்கம். முதல் 48 மணி நேரம் ஆழமாக அமுக்கினால் வீக்கம் கூடும். கணுக்கால் சுளுக்கி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே. அரசு மருத்துவமனையில் அதற்குக் காசும் இல்லை.

பாரிஸிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் வந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அந்தக் காலில் கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரத்தம் உறைந்திருக்கலாம்; உருவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். இத்தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, ஆகவே எண்ணெயின் சூட்டைப் பிடித்துவிடுபவர்தான் தன் கையில் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசான உருவல் மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

துவாலையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கியூர்பீப் மழையில் வெளியே உலராது என்று எண்ணெய் ஊறியதை டிரையரில் போட்டு, சூட்டோடு மடித்து அடுக்கினால் உள்ளுக்குள் சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கலாம். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை அலசுங்கள். அப்படியும் எண்ணெய் வாடை போகவில்லை என்றால் கொடியில்தான் காயப்போட வேண்டும்.